முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே தூது போனவள் என்றால் பொறுமையே உருவாக இருந்திருப்பாள் என்று யாராவது நினைத்துவிடப் போகிறீர்கள். மந்தைவெளியில் பஸ் நிற்காமல் போய்விட்டால், அடுத்த பஸ் வரும்வரை அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டே நிற்கிறவள் நான்.

வேலை பார்த்தது அடையாறில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த பழைய வீட்டில். வாசலில் ஒரு வெளிநாட்டுக் கொடி பறக்கும். ஏதோ பெரிய தூதரகம் என்று வருகிறவர்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். உள்ளே வந்தால் நானும், என் முதலாளியும், பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஏசியும்தான். முதலாளிக்கு தி.நகரில் ஜவுளி வியாபாரம். அந்த நாட்டோடு வியாபாரத் தொடர்பு இருந்ததால் சென்னைக்கு அவரைக் கௌரவத் தூதராகப் போட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, கொடி உண்டு. அசல் தூதரகம் டெல்லியில். அங்கிருந்து போன் வந்தால் இவர் எழுந்து நின்று பேசுவார்.

நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய நாடு இல்லை. வரைபடத்தில் கண்ணாடி போட்டுத் தேடுகிற அளவுக்குச் சின்ன நாடும் இல்லை. நடுவாந்தரம். ஒரு வல்லரசுக்குப் பால் பவுடர் விற்கும், இன்னொரு வல்லரசிடம் இயந்திரம் வாங்கும். இரண்டு பேரிடமும் சிரித்துப் பேசும், இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயப்படும். அந்தக் கொடிக்குக் கீழே அத்தனை வருடம் உட்கார்ந்ததில் எனக்கு 'எங்கள் நாடு' என்றே வாயில் வந்துவிடும். என் மகள் கேலி செய்வாள்.

வழக்கமாக எங்களுக்கு இருந்த வேலை, விசா விண்ணப்பத்தில் போட்டோ சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் சுதந்திர தினத்துக்கு பஜ்ஜியும் கேக்கும் வாங்கி வைப்பது. அப்படி அக்கடா என்று போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு நாள் ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. கப்பல் வரவில்லை, கப்பலின் வம்பு வந்தது.

அது எங்கள் நாட்டுக் கொடி போட்ட சரக்குக் கப்பல். சரக்கு ஒரு வல்லரசினுடையது. பிடித்து வைத்திருந்தது இன்னொரு வல்லரசு. எங்கள் எல்லைக்குள் வந்தாய் என்று இவர்கள், வரவே இல்லை என்று அவர்கள். இரண்டு பேரும் அதற்கு முன்பே வேறு சண்டையில் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது கப்பலில் இருந்த பதினெட்டுப் பேர். எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள். ராயப்பேட்டை, காசிமேடு, கடலூர். நாலு மாதமாக ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றார்கள். இறங்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை. குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பங்கள் எங்கே போகும்? கொடி யாருடையதோ அவர்களிடம் வந்தார்கள். அதாவது என்னிடம்.

எல்லோரும் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாரம் ஒரு முறை வந்து போவார்கள். ஒருத்தி மட்டும் தினமும் வருவாள். கப்பலில் சமையல்காரராக இருந்தவரின் மனைவி. முப்பது வயது இருக்கும். முன்பு பட்டினப்பாக்கம் கடற்கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் பிடித்து, பத்து மணிக்கு நான் பூட்டைத் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் சின்னச் சிலுவை. கையில் தண்ணீர் பாட்டில். "மேடம், எதுனா தெரிஞ்சிதா?" இதுதான் காலை வணக்கம். இல்லையம்மா என்று சொன்னால் ஹால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். மதியம் வரை இருந்துவிட்டுப் போவாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது வாரம் அவளுக்கும் சேர்த்து டீ போட ஆரம்பித்தேன். பாட்டில் தண்ணீரை அவள் ஒரே மடக்காகக் குடிக்க மாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு மூடியை இறுக்கி மூடுவாள். அங்கே புருஷன் எப்படிக் குடிக்கிறானோ அப்படிக் குடிக்கிறாள் என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து போன் வந்தது. முதலாளி எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. இரண்டு வல்லரசுகளுக்கும் சென்னையில் ஆட்கள் இருக்கிறார்கள். தலைநகரங்களில் பேசினால் பத்திரிகைக்காரன் வாசலில் நிற்பான். அதனால் ஓசைப்படாமல், மாலுமிகள் விஷயம் மட்டும், சின்ன அதிகாரிகள் அளவில், எங்கள் வீட்டில் வைத்துப் பேசிப் பார்க்க இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள்.

"நம்மள ஏன் சார் நம்பறாங்க?" என்று கேட்டேன்.

"நம்மால அவங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ண முடியாதும்மா. அதுவுமில்லாம, அந்தக் கப்பல் நம்ம கழுத்தை விட்டுப் போனாப் போதும்னு நாம நிக்கறது அவங்களுக்கும் தெரியும்" என்றார். ஜவுளி வியாபாரிக்கு இவ்வளவு தெரிகிறதே என்று நினைத்தேன்.

அவருக்கு ஒரு பலவீனம், போட்டோ. யார் வந்தாலும் கைகுலுக்கி எடுத்து, சட்டம் போட்டு மாட்டிவிடுவார். சுவர் நிறைய அவர்தான். இரண்டு வல்லரசுக்காரர்களோடும் எடுத்தது தனித்தனியாக இருந்தது. ஒருத்தர் கண்ணில் இன்னொருத்தர் பட்டால் என்ன ஆகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு அத்தனை படத்தையும் கழற்றினோம். சுவரில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு. அதை மறைக்க அவர் கடைக் காலண்டர்களைக் கொண்டுவந்து வரிசையாக மாட்டினோம். பதினொரு காலண்டர், எல்லாவற்றிலும் ஒரே லட்சுமி. வந்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

வீட்டில் முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை. நடுவில் ஹால், அதில் ஒரு பழைய சாப்பாட்டு மேசை, ஓரமாக மனுக்காரர்கள் உட்காரும் பெஞ்சு. கப்பலைப் பிடித்து வைத்திருந்த நாட்டுக்காரர் முன்வாசல் வழியாக வந்து முன்னறையில் உட்காருவார். உயரமான மனிதர். நான் சாயங்காலம் போடும் சாம்பிராணிக்குத் தும்முவார். சரக்குக்குச் சொந்தமான நாட்டின் அம்மாள் பக்கத்துச் சந்து வழியாக வந்து பின்னறையில் உட்காருவார். குள்ளமாக, தலை நரைத்து, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை போல இருப்பார். என் டீயைத் தொட மாட்டார். சொந்த பிளாஸ்க்கில் வெந்நீர். இரண்டு பேருக்கும் நடுவே தாளைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு இருபத்திரண்டு அடி. மயிலாப்பூர் மாடவீதியை எத்தனை சுற்றுச் சுற்றியிருப்பேனோ, அதற்குச் சமமாக அந்த ஹாலில் நடந்திருக்கிறேன்.

முதல் நாளே சொதப்பினேன். முன்னறைக்காரர் ஒரு தாளைப் படித்துவிட்டு, இவர்களோடு உட்கார்வதே நேரத்துக்குக் கேடு என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் போய் அப்படியே சொன்னேன். வார்த்தை மட்டும் இல்லை, அந்த முகத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னேன். பின்னறை அம்மாள் பிளாஸ்க் மூடியைத் திருகி, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, அவர் சொன்னதில் விஷயம் எது, கோபம் எது என்று பிரித்து, விஷயத்தை மட்டும் கொண்டுபோகச் சொன்னார். நான் என்ன தபால்காரியா, இதையெல்லாம் பிரித்துக்கொண்டிருக்க, என்று சண்டைக்குப் போனேன். தபால்காரியாக இருந்திருந்தால் உறையைப் பிரித்தே இருக்க மாட்டாயே என்று அவர் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய் மகளிடமும் எரிந்து விழுந்தேன். ஆனால் மறுநாளிலிருந்து 'முடியவே முடியாது' என்று இந்தப் பக்கம் சொன்னால், அந்தப் பக்கம் போய் 'இன்றைக்குச் சிரமம் என்கிறார்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நல்ல வார்த்தை பேசியது அந்த ஒன்பது நாளில்தான்.

சிக்கல் இதுதான். கப்பல் எல்லை தாண்டியது என்று எழுதிக் கொடுத்தால் ஆட்களை விடுகிறோம் என்றார் முன்னறைக்காரர். ஆட்களை விட்டால்தான் எழுதுவதைப் பற்றியே பேசுவோம் என்றார் பின்னறை அம்மாள். நான் நடந்தேன். வார்த்தையை மாற்றி மாற்றித் தாள் போனது, வந்தது. அந்தத் தாளுக்கும் ஒரு முறை உண்டு. அதில் யார் பெயரும் இருக்கக் கூடாது. கொடி, முத்திரை, தேதி, கையெழுத்து, எதுவும் கூடாது. நாளைக்கு யாராவது கேட்டால், அப்படி ஒரு தாளே இல்லை என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ண வேண்டும். வெற்றுத் தாளில் வெறும் வாக்கியம். சாயங்காலம் எல்லாவற்றையும் கிழித்துத் துண்டு துண்டாக்கிவிட்டுத்தான் போவார்கள்.

ஐந்து நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் மதியம் நான் களைத்துப்போய்ப் பெஞ்சில் சமையல்காரர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே இருப்பவர்கள் யார் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. ஆனால் தெரிந்துகொண்டிருந்தாள், எத்தனை நாள் அங்கேயே கிடந்தவள். என்னதான் மேடம் பேசுகிறார்கள் என்று கேட்டாள். கப்பல் யார் எல்லையில் நின்றது, யாருக்குப் பாத்தியம் என்று தீராமல் கிடக்கிறது என்று சொன்னேன். அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"கப்பல் யாருதுன்னு அவங்க நிதானமா சண்ட போட்டுக்கட்டும் மேடம். எங்க வூட்டுக்காரரு யாருதுன்னு எனக்குத் தெரியும். அவர அனுப்பச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நேராக முதலாளியிடம் போய், இதைத்தான் சார் எழுத வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். டெல்லிக்குப் போன் போட்டார், நின்றுகொண்டே. கடைசியில் ஒரு வாக்கியம் வந்தது. மாலுமிகள் வீடு திரும்புவதனால், கப்பலைப் பற்றி யார் என்ன சொல்கிறார்களோ அதன் வலு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாலும், பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னதுதான் அது.

மறுநாள் பிரிண்டர் உயிரை விட்டது. ஆள் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சரி, கையால் எழுதிவிடு என்றார் முதலாளி. என் கையெழுத்து நன்றாகவே இருக்கும். புதுத் தாள் இரண்டு எடுத்து, அந்த வாக்கியத்தை மணிமணியாக எழுதி, ஒன்றை முன்னறையிலும் ஒன்றைப் பின்னறையிலும் கொடுத்துவிட்டு வந்து டீ போட்டேன்.

முதலில் முன்னறைக் கதவு திறந்தது. அவர் தாளை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே இருக்கிற இந்த அடையாளம் என்ன, யார் போடச் சொன்னது என்று கேட்டார். பார்த்தேன். தாளின் உச்சியில், நடுவில், பிள்ளையார் சுழி. அடியில் இரண்டு கோடு வேறு.

நான் போட்டதே எனக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். மளிகைச் சீட்டானாலும் சரி, மகள் கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பேனா முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும். எந்தக் குறியும் இல்லாத தாள் வேண்டும் என்று இரண்டு வல்லரசுகள் சொன்னால் அந்தக் கைக்குத் தெரியுமா?

அதற்குள் பின்னறையிலிருந்தும் குரல். அந்த அம்மாள் தாளை நாலாக மடித்து மேசையில் வைத்திருந்தார். எதிர்த் தரப்பு இதில் ரகசியமாகப் பதிவுக்குறி போட்டிருக்கிறது, இனி இது அவர்கள் கோப்பில் ஆவணமாகிவிடும், நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்றார். முன்னறைக்காரர் நினைத்ததும் அதேதான், திசை மட்டும் வேறு. இரண்டு பேரும் காருக்குப் போன் செய்தார்கள். முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. டெல்லிக்கு என்ன சொல்வேன் என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

நான் ஹாலில் நின்றேன். பெஞ்சில் அவள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் நான் என்ன சொல்வேன்? உன் புருஷன் வந்திருப்பான், நான் ஒரு சுழி போட்டுக் கெடுத்துவிட்டேன் என்றா? வெட்கமும் கோபமுமாகப் பொங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் கோபமா என் மேல் கோபமா, தெரியாது. அலமாரியைத் திறந்து மனுக்கள் இருந்த கோப்பை உருவினேன். பதினெட்டு மனுவையும் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினேன். இரண்டு கதவையும் தட்டினேன். விளக்கம் வேண்டுமென்றால் வெளியே வந்து பாருங்கள், நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன், என் கால் வலிக்கிறது என்றேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தார்கள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், அம்மாள் இந்தப் பக்கம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் தாள்களைப் பார்த்தார்கள்.

மனு எழுதுகிற நம் ஜனங்கள் எப்படி எழுதுவார்கள்? பத்துப் பதினோரு தாளில் உச்சியில் பிள்ளையார் சுழி. மூன்றில் 786. நாலில் சிலுவை. ஒன்றில் 'முருகன் துணை' என்று கொட்டை எழுத்தில். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இது யாருடைய கோப்பு எண்ணும் இல்லை. நாங்கள் ஒன்றைக் கேட்க ஆரம்பிக்கும்போது, அது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று போடுவது. உங்கள் தாளில் இதைப் போட்டது நான். அதுவும் நல்லபடியாக முடிய வேண்டும் என்று என் கைக்கு இருந்திருக்கிறது. மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன். அதற்குப் பதில் அடுத்த மனுவை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

ஏசி சொட்டுகிற சத்தம். அப்போது அவள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். சிலுவை போட்ட ஒரு மனுவின் மேல் விரலை வைத்து, இது என்னுடையது என்றாள். அதில் புருஷனின் போட்டோவைப் பின் குத்தியிருந்தாள். இவர்தான் சமைக்கிறவர், போன வாரம் போனில் பேசும்போது கஞ்சிக்குக் கடல் தண்ணீர் கலக்கிறோம் என்றார், அது உண்மையா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். விஷயத்தையும் கொண்டுபோனேன், குரலையும் கொண்டுபோனேன். அன்றைக்கு நான் எதையும் பிரிக்கவில்லை.

பின்னறை அம்மாள் தலையை நிமிர்த்தினார். முன்னறைக்காரரை நேராகப் பார்த்து, தண்ணீர் விஷயம் உண்மையா என்று கேட்டார். என்னிடம் இல்லை, அவரிடம். ஆறு நாளில் முதல் முறை.

அவர் கொஞ்ச நேரம் அந்தப் போட்டோவைப் பார்த்தார். தெரியாது, இன்றைக்கே கேட்கிறேன் என்றார். அந்த அம்மாளிடம், நேராக.

கார்கள் வெளியே காத்துக்கொண்டிருந்தன. இவர்கள் இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் குனிந்து, மனுவைக் காட்டிக் காட்டி இது யார், இது என்ன ஊர் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். முதலாளி ஓசைப்படாமல் நாலு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். போட்டோ எடுக்கக் கை பரபரத்திருக்கும் அவருக்கு. நான் முறைத்த முறைப்பில் போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கப்பலுக்குத் தண்ணீர்ப் படகு போயிற்று. அதற்கு மேல் மூன்று நாள் பிடித்தது. அறைகளுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்தான், என்னை நடக்கவும் விட்டார்கள்தான். ஆனால் நடை குறைந்துபோயிற்று. சின்னச் சந்தேகம் என்றால் கதவைத் திறந்து ஹாலுக்கே வந்து கேட்டுக்கொண்டார்கள். அந்த வாக்கியத்தில் இவர் ஒரு சொல்லை அடித்தார், அவர் ஒரு சொல்லைச் சேர்த்தார். கடைசிப் பிரதியை நான் பயபக்தியோடு பிரிண்டரில் எடுத்தேன், உச்சியில் ஒன்றும் இல்லாமல். முன்னறைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த அடையாளம் எங்கே என்றார். பின்னறைக்குப் போனேன். அந்த அம்மாளும் அதையே கேட்டார். பேனாவை எடுத்து இரண்டு தாளிலும் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் வழக்கம் போலக் கிழித்துப் போட்டார்கள். அப்படி ஒரு தாளே இல்லை.

பதினெட்டுப் பேரும் வீடு வந்தார்கள். மாலுமிகள் விடுதலை என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது. எங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. முதலாளி இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு, லட்சுமிகளை இறக்கிப் படங்களை மறுபடி மாட்டினார்.

சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு அவள் வந்தாள். தூக்கு நிறைய வஞ்சிரம் வறுவல். முதலாளி சைவம், அதனால் எல்லாம் எனக்கே. அந்த மனிதர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஏசிக்குக் கீழே போய், பக்கெட்டில் நிறைந்திருந்த தண்ணீரை இரண்டு கையாலும் தூக்கி, கொட்டாமல் கொண்டுபோய் வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். நான் மீனைத் தின்றுகொண்டே அழுதேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முன்னறைக்காரரும் பின்னறை அம்மாளும் மாற்றலாகிப் போகும்போது இரண்டு பேருமே என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போனார்கள், தனித்தனியாகத்தான். ஆளுக்கு ஒரு சீட்டில் சொந்த ஊர் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு எழுதுங்கள் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். மற்றவருக்குச் சொல்ல வேண்டாம் என்று அதிலும் ஒரே வார்த்தை. நான் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கி, ஒரே பர்ஸில் வைத்தேன்.

அதெல்லாம் ஒரு காலம். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அடையாறு பக்கம் போனால் பஸ்ஸில் வலது பக்கம் உட்கார மாட்டேன், பார்த்தால் மனசு என்னவோ செய்யும். கொடி இப்போது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், வேறொரு பெரிய மனிதரிடம் இருக்கிறது. நான் வேளச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மழை வந்தால் முதல் மாடிக்காரர்களோடு சேர்ந்து வெள்ளம் பார்க்கிறேன், மற்ற நாளில் டிவி பார்க்கிறேன். டிவியில் அந்த இரண்டு நாடுகளும் கத்துகின்றன. ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்று அறிக்கை விடுகிறார்கள். வேறு அறையில் உட்காருங்களேன், நடந்து தொலைக்க ஒருத்தியைப் போடுங்களேன் என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டுவேன். சத்தத்தைக் குறைம்மா என்பாள் மகள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. குரல் உடனே தெரிந்துவிட்டது.

"மேடம், ஆத்தாண்ட அந்த வூடு இருந்துச்சே, அது இன்னும் கீதா?"

இல்லையம்மா, இடித்துவிட்டார்கள் என்றேன். பிறகு சொன்னாள். வேறு கப்பல். அதே எங்கள் நாட்டுக் கொடி. அதே இரண்டு நாடுகள். அதே சமையல்காரர். ஆறு வாரம் ஆகிறதாம். கண்ணாடிக் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். பெஞ்சு கிடையாது. இணையதளத்தில் புகார் பதியச் சொல்லி, ஒரு எண் கொடுத்து, கீழேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் வந்தாள். காதோரம் நரைத்திருக்கிறது. கையில் அதே மாதிரி ஒரு தண்ணீர் பாட்டில். இரண்டு வாய் குடித்துவிட்டு மூடியை இறுக்கி மூடினாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய் அந்தப் பழைய பர்ஸைத் தேடி எடுத்தேன். சீட்டுகள் மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. அவர்கள் இன்னும் அந்த விலாசத்தில் இருக்கிறார்களா, உயிரோடு இருக்கிறார்களா, இருந்தாலும் வேலையில் இல்லாதவர்கள் பேச்சு எங்காவது எடுபடுமா, எதுவும் தெரியாது. அவளிடமும் மறைக்காமல் அப்படியே சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு தாள் எடுத்தேன். இரண்டிலும் ஒரே வார்த்தைகள்தான் எழுதப் போகிறேன். ஒருத்தருக்கு எழுதியது மற்றவருக்கும் போகிறது என்று இந்த முறை இரண்டிலும் எழுதிவிடுவேன். வயதாகிவிட்டது, எழுத்து முன்பு மாதிரி மணிமணியாக வராது. அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"உங்க சுழியப் போட்டீங்களா மேடம்?"

"போட்டுட்டேன்மா."

"பக்கத்துல என்னுதையும் போடுங்க. அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் மொதல்ல சேந்து பாத்தது இதத்தான்."

சுழிக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டேன். இரண்டு தாளிலும்.